பெரம்பூரில் ஏறுவோர் கவனத்துக்கு

இரயிலைத் தவிர்த்துவிட்டுப் பெரம்பூரைப் பற்றிப் பேச இயலாது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டபோது, இவ்வூர் வழியாகவே மேற்கு நோக்கிச் சென்றது. ஐ.சி.எப். என்று நாம் அழைக்கும் இரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ஆம் நாள் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் முதல் இன்றைய தொழிலாளர் குடும்பங்கள் வரை, தலைமுறை தலைமுறையாக இரயில்வேயின் சங்கொலியைக் கேட்டுக் கண்விழித்த மக்கள் இங்கு உண்டு. அத்தகைய ஊரில் வாழும் ஒரு குடும்பம், வீட்டுக்கு அருகே வந்து நின்ற இரயிலைத் தவறவிட்டது. அதில் அடியேனுக்கும் பங்குண்டு என்பதாலேயே இதை எழுதத் துணிந்தேன்.

எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர். அவருடைய தங்கை கோவையில் கன்னியர் மடத்தில் இருக்கிறார். தங்கையின் துறவற வாழ்வின் பொன்விழாத் திருப்பலிக்கு மகன், மருமகள், இரு பேரப்பிள்ளைகளுடன் செல்ல ஏற்பாடாகியிருந்தது. கோவை வழியாகக் கேரளம் செல்லும் இரவு இரயிலில் இடமும் கிடைத்தது. புறப்படுவதற்கு முந்தைய நாள் மகன் என்னிடம் வந்தார்.

"சாமி, காரைச் சென்ட்ரலிலேயே நிறுத்திவிட்டுப் போகலாமா? நான்கு நாளில் திரும்பிவிடுவோம். அம்மாவால் அதிகம் நடக்க முடியாது" என்றார்.

"அப்படியே செய்யுங்கள், தம்பி" என்றேன். கேட்டவர் நம்பிக் கேட்டார். சொன்னவன் விசாரியாமல் சொன்னேன்.

மறுநாள் மாலை மழை பெய்தது. சுரங்கப்பாதையில் நீர் தேங்கியதால் வண்டிகள் சுற்று வழியில் திருப்பி விடப்பட்டன. ஒருவாறு சென்ட்ரல் போய்ச் சேர்ந்தால், வாயிலுக்கு அருகிலிருந்த வண்டி நிறுத்துமிடத்தில் இடம் இல்லை. குடும்பத்தை வாயிலில் இறக்கிவிட்டு, வேறு இடம் தேடிச் சென்றார் மகன். பயணச்சீட்டும் அடையாள அட்டைகளும் அவருடைய சட்டைப்பையில் இருந்தன. அவர் ஓடி வந்து சேர்ந்தபோது நடைமேடை வெறிச்சோடிக் கிடந்தது. தாய் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தார்.

அதே இரயில் சில நிமிடங்களில் பெரம்பூரில் நின்று புறப்பட்டது. அந்நிலையம் அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான்!

அன்றிரவே பேருந்து பிடித்துச் சென்றார்கள். கோவையை அடைந்தபோது திருப்பலி முடிந்துவிட்டது. தம் அருகே ஒரு நாற்காலியைக் கடைசிவரை காலியாகவே வைத்திருந்தாராம் அந்த அருட்சகோதரி. திரும்பி வந்த தாய் என்னிடம் குறை ஏதும் சொல்லவில்லை. "அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன் சாமி, அது போதும்" என்றார். அந்தச் சொல்தான் என்னை நிலையத்துக்கு அனுப்பி, விவரம் கேட்க வைத்தது. அங்கு அறிந்தவற்றை நம் குடும்பங்களுக்காக இங்கே தருகிறேன்.

முதலாவது, எந்த நிலையம் என்பது. பெரம்பூர் என்ற பெயருடன் ஒரே பாதையில் மூன்று நிலையங்கள் அடுத்தடுத்து உள்ளன: பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். பின்னிரண்டும் புறநகர் மின்வண்டிகளுக்கே உரியவை; நெடுந்தூர இரயிலுக்கு அங்கே காத்திருத்தல் வீண். மேற்கே காட்பாடி வழியாகச் செல்பவற்றுள் பல பெரம்பூரில் நிற்கின்றன, சில நிற்பதில்லை. வடநாட்டிலிருந்து கேரளம் செல்லும் சில இரயில்கள் சென்ட்ரலுக்குள் செல்லாமல் பெரம்பூரிலேயே நின்று போகின்றன. சென்ட்ரலிலிருந்து கூடூர் வழியாக வடக்கே செல்பவையோ பேசின் பிரிட்ஜுக்கு அப்பால் கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியே பிரிந்துவிடும், பெரம்பூரைத் தொடா. தெற்கே செல்ல எழும்பூருக்கோ தாம்பரத்துக்கோ போக வேண்டும். போகும்போது நின்ற இரயில் வரும்போதும் நிற்கும் என்று எண்ணலாகாது. தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஏறும் நிலையம். முன்பதிவுச் சீட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும். சென்ட்ரல் என்று குறித்துவிட்டுப் பெரம்பூரில் ஏறக் காத்திருந்தால், நாம் வரவில்லை என்று கருதிப் பரிசோதகர் நம் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். ஆகையால் சீட்டு வாங்கும்போதே பெரம்பூர் என்று குறிப்பது நலம். மறந்தவர்கள், இரயில் புறப்படுவதற்குப் போதிய நேரம் முன்னதாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிய பின் பழைய நிலையத்தில் ஏறும் உரிமை இல்லை. முன்பதிவு 120 நாள்களுக்கு முன் தொடங்கிய காலம் போய், 2024 நவம்பர் முதல் 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது, வண்டி. பல நாள் பயணத்துக்கு வண்டி இருக்க வேண்டிய இடம் வீடே. உறவினரோ அண்டை வீட்டாரோ நம்மை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனால் கவலை இல்லை. சென்ட்ரலில்தான் ஏற வேண்டுமெனில், பெரம்பூரிலிருந்து மின்வண்டியில் மூன்றாவது நிறுத்தம் மூர் மார்க்கெட் வளாகம். சென்ட்ரல் அதற்கு அடுத்தாற்போல் உள்ளது. சில மின்வண்டிகள் இராயபுரம் வழியாகக் கடற்கரைக்குச் சென்றுவிடும், கேட்டு ஏறுக. வண்டியை நிலையத்தில் நிறுத்தியே தீர வேண்டியவர்கள், இரவில் நிறுத்த அனுமதி உண்டா, எத்தனை நாள் வரை, கட்டணம் எவ்வளவு என்று முன்னதாகவே நேரில் கேட்டறிவது அவசியம். கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்துக. வண்டிக்குள் எதையும் விட்டுச் செல்லாதீர். பயணச்சீட்டையும் அடையாள அட்டையையும் வண்டி நிறுத்தச் செல்பவர் கையில் வைக்காதீர்.

நான்காவது, மழை. 2023 டிசம்பர் 4-ஆம் நாள் மிக்ஜாம் புயலின்போது, பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் இடையே பாலத்தருகே வெள்ளம் உயர்ந்ததால் சென்ட்ரலிலிருந்து இரயில்கள் நிறுத்தப்பட்டன. ஐப்பசி, கார்த்திகையில் புறப்படுவோர், வீட்டை விட்டு இறங்குமுன் இரயில் ஓடுகிறதா என்று கேட்டறிய வேண்டும்.

இவற்றையெல்லாம் எழுதும்போது நாசரேத்தூர்க் குடும்பம் என் நினைவுக்கு வருகிறது. பாஸ்கா விழா முடிந்து யெருசலேமிலிருந்து திரும்புகையில், பன்னிரண்டு வயது மகன் உடன் வருவோர் கூட்டத்தில் இருப்பான் என்று எண்ணியே மரியாவும் சூசையும் ஒரு நாள் பயணம் நடந்துவிட்டார்கள். அன்பில் குறைவற்ற குடும்பம்தான். ஆயினும் மூன்றாம் நாளே மகனைக் கண்டார்கள். எங்கள் பங்கிலும் அவ்வாறே நிகழ்ந்தது. மகன் விசாரித்திருப்பார் என நான் எண்ணினேன். சாமிக்குத் தெரியும் என அவர் எண்ணினார். காரை எங்கே விடுவது என்பதைப் பற்றி இருவரும் பேசினோம். அம்மாவை எங்கே ஏற்றுவது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

அண்மையில் அத்தாய் மீண்டும் கோவைக்குப் புறப்பட்டார். இம்முறை ஏறும் நிலையம் பெரம்பூர். நானும் நடைமேடைக்குச் சென்றிருந்தேன். இரயில் நிற்பது ஓரிரு நிமிடமே ஆதலால் பெட்டி நிற்குமிடத்தை முன்பே கேட்டு, அங்கேயே அவரை நிற்க வைத்தோம். பேரன் முதலில் ஏறிக் கைகொடுத்தான். கீழ்ப்படுக்கையில் அமர்ந்த பின் சன்னல் வழியாகச் சிலுவை அடையாளம் வரைந்து, "சாமி, நீங்கள் வீட்டுக்குப் போங்கள், மழை வரும்" என்றார்.

பயணம் புறப்படும் ஒவ்வொரு குடும்பத்தையும் திருக்குடும்பம் காப்பதாக!