கேஸ் கசிஞ்சது, பழி மாட்டுக்கு

எங்க தொழுத்துக்குப் பின்னால ஒரு கோபர் கேஸ் பிளாண்ட் இருக்கு. ஒரு கன மீட்டர் அளவு, காதி கமிஷன் மாடல். தரைக்குள்ள ஒரு கிணறு, அதுக்கு மேல கவுத்துப் போட்ட இரும்பு டிரம். தினமும் 25 கிலோ சாணியும் அதே அளவு தண்ணியும் கரைச்சு ஊத்தணும். காத்துப் படாம உள்ள கிடந்து புளிச்சு கேஸ் உண்டாகும். கேஸ் சேரச் சேர டிரம் மேல எழும்பும், அடுப்பு எரிய எரிய கீழ இறங்கும். டிரம்மைப் பாத்தாலே கையிருப்பு தெரிஞ்சுரும்.

என்கிட்ட ரெண்டு மாடு. அதுல மூத்தவளுக்குப் பால் வத்தி ரெண்டு வருசம் ஆச்சு. இனி சினை நிக்காதுன்னு டாக்டரும் சொல்லியாச்சு. "பாலுக்கு இல்லாட்டியும் சாணிக்கு உதவுதுல்லா" என்று சொல்லித்தான் நான் அவளை வச்சிருந்தேன்.

இந்த ஆனி மாசம் அந்தப் பேச்சும் எடுபடாமப் போச்சு. காலையில பாதிச் சோறு வேகும்போதே தீ அடங்கிரும். பத்மநாபபுரத்துல ஆனி, ஆடி என்றால் சாரல் விடாது. குளிர்ந்தா கேஸ் குறையும், அது தெரிஞ்ச விஷயம்தான். ஆனா இப்படிக் குறைஞ்சதில்லை.

"மாட்டுக்கு வயசாயிட்டு. தீனியும் எடுக்கல்ல, சாணியும் போடல்ல. இனி எதுக்கு வச்சிக்கிட்டு?" என்றாள் வீட்டுக்காரி. எனக்கும் வேற பதில் இல்லை. தரகர்கிட்ட சொல்லி வச்சேன். சனிக்கிழமை வாறேன்னார்.

வியாழக்கிழமை அக்கா மகன் வந்தான். தக்கலையில பிளம்பிங் வேலை செய்யுதான். விஷயத்தைக் கேட்டுட்டு, "மாமா, சாணிய நிறுத்துப் பாத்தீங்களா?" என்றான். பாக்கலை. மறுநாள் காலையில ரெண்டு மாட்டுச் சாணியையும் தராசுல வச்சோம். 24 கிலோ. மாட்டு மேல குத்தம் இல்லை. அப்போ கேஸ் எங்க போகுது?

அன்னைக்கு ராத்திரி டிரம் மேல உள்ள வால்வை அடைச்சுட்டு, தண்ணி மட்டத்துல சாக்பீஸால ஒரு கோடு போட்டான். காலையில பாத்தா கோடு ஒரு சாண் மேல நிக்குது. டிரம்முல ஓட்டை இல்லை, கேஸும் நல்லாத்தான் வருது. ஓட்டை வால்வுக்கு இந்தப் பக்கம்.

நான் ஸ்பேனரோட அடுக்களைக்குப் போனேன். "அத வச்சிருங்க மாமா" என்று சொல்லி, ஒரு சிரட்டையில சோப்பைக் கரைச்சான். வால்வைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் பிரஷால தடவிக்கிட்டே வந்தான். அடுக்களையில ஒண்ணும் இல்லை. டிரம்முல இருந்து பைப்புக்குப் போற ரப்பர் ஹோஸ்ல தடவினதும், கிளிப்புக்கு அடியில இருந்து மீன் முட்டை மாதிரி குமிழி குமிழியா வருது!

போன வருசம் அந்தக் கிளிப் லேசா ஆடுதுன்னு நான்தான் இருந்த பலத்தை எல்லாம் போட்டு முறுக்கினேன். வெயில்ல காய்ஞ்ச ரப்பரைத் தகடு அறுத்துட்டு. நாத்தம் தெரியலையான்னு கேப்பீங்க. இந்த கேஸ்ல பாதிக்கு மேல மீத்தேன், அதுக்கு வாசனையே கிடையாது. அழுகின முட்டை வாடை அடிக்குறது அதுல கொஞ்சமா உள்ள ஹைட்ரஜன் சல்பைடு. தொழுத்துப் பக்கம் அந்த வாடை வந்தா யாரு சந்தேகப்படுவா?

ஹோஸ் நுனியை மூணு இஞ்ச் வெட்டிட்டு மாட்டலாம்னேன். டிரம் எழும்பும்போது இழுக்கும்னு சொல்லி, ஒரு முழம் கூடவே வச்சுப் புது ஹோஸ் வாங்கினான். நுனியைச் சுடுதண்ணியில முக்கி இளக்கி ஏத்தினான். வால்வு மரையில டெஃப்லான் டேப்பை மரை சுத்துற திசையிலேயே சுத்தினான். கிளிப்பைக் கை நின்ன இடத்துக்கு மேல ஒரு அரைச் சுத்து, அவ்வளவுதான். திரும்பச் சோப்புத் தண்ணி. குமிழி இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் தரகர் வந்தார். அந்த அடுப்புல போட்ட சாயாவைக் குடிச்சுட்டு வெறுங்கையோட போனார். "அவ தப்பிச்சா" என்றாள் வீட்டுக்காரி. நான் தொழுத்துக்குப் போயி அவளுக்கு ரெண்டு கட்டுப் புல்லு கூடப் போட்டேன். மீத்தேன் எரியாம வெளிய போனா, கரியமில வாயுவைவிட 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் என்கிறார்கள். அத்தனை நாளும் அதை நான் வானத்துக்கு விட்டுட்டு, மாட்டைக் குறை சொல்லிக்கிட்டிருந்தேன்.

டவுன்ல இருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. உங்க சிலிண்டர் ட்யூபுக்கும் இதே சோப்புத் தண்ணிதான். தீக்குச்சி கிழிச்சுப் பாக்கவே படாது. மீத்தேன் லேசானது, மேல போயிரும். சிலிண்டர் கேஸ் காத்தைவிடக் கனம், தரையிலேயே தங்கும். ட்யூபுல தேதி அடிச்சிருக்கும், அது முடிஞ்சா மாத்திருங்க. கசிஞ்சா முறுக்காதீங்க. முதல்ல எங்க கசியுதுன்னு பாருங்க.