நாற்காலியில் அமர்த்திய அன்பு

ஊரில் தண்ணீர்க்குடம் சுமந்த என் தாயாரைப் பெங்களூருக்கு அழைத்துவந்து, "நீங்கள் சும்மா இருங்கள் அம்மா" என்று நாற்காலியில் அமர்த்தினோம். அன்பென்றே எண்ணினோம். இரண்டே ஆண்டுகளில், கையை ஊன்றாமல் எழ அவர்களால் இயலவில்லை. முதுமை என்றோம், பாதி எங்கள் உபசாரமே!

1990-இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் தளர்ந்திருந்த, 90 வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரங்கள் கால்களுக்கு எடைப்பயிற்சி செய்தனர். முடித்த ஒன்பது பேரின் தசைவலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது.

மருத்துவரிடம் கேட்டு, அம்மா தினமும் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமரத் தொடங்கினார்கள். பின்பு லால்பாக்கில் சிறுநடை. நேற்று காய்கறிப் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், நான் தடுக்கவில்லை.