மூன்றே மூன்று ரீபவுண்ட்



போன வாரம் குந்தாரப்பள்ளியில் பஸ் ஏறி, சூளகிரி தாண்டி ஓசூர் போய் வந்தேன். பேத்தியின் கல்லூரி அணிக்குக் கூடைப்பந்து ஆட்டம். கணக்கு வாத்தியார் சும்மா உட்கார்ந்து பார்ப்பாரா? ஒரு பழைய நோட்டில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தேன். கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். யார் எத்தனை பிடித்தார்கள் என்பதுதான் என் கணக்கு.

ஆட்டம் முடிந்ததும், "உன் பேர்ல மூணுதான் இருக்கு, கண்ணு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் சுருங்கிவிட்டது.

"தெரியும் தாத்தா. காய்ச்சல்னு நான் ஆடாத போன மேட்ச்ல டீம் 40 எடுத்துச்சு. நான் ஆடின இன்னைக்கு 32. அடுத்த மேட்ச்ல என்னை உட்கார வெச்சிடுவாங்க. பேசாம நானே விலகிடலாம்னு இருக்கேன்."

ராத்திரி தூக்கம் வரவில்லை. போன ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டை அவளிடம் வாங்கி, என் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

நம் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 50 ஆடு ஓட்டி வந்து 30 விற்றார். இன்னொருவர் 30 ஓட்டி வந்து 24 விற்றார். யாருக்கு நல்ல வியாபாரம்? 30 பெரிய எண்தான், ஆனால் 20 ஆட்டை வீட்டுக்குத் திருப்பி ஓட்டிப்போக வேண்டும்.

ரீபவுண்டும் இதேதான். போன ஆட்டத்தில் எதிரணி குறி தவறி, நம் கூடையடியில் பிடிக்கக் கிடைத்த பந்து 50. நம் பெண்கள் பிடித்தது 30. அதாவது 60 சதவீதம். இந்த ஆட்டத்தில் கிடைத்ததே 30தான். பிடித்தது 24. 80 சதவீதம்! எதிர்ப்பக்கக் கூடையில் போன முறை 40க்கு 10, இந்த முறை 32க்கு 8. இரண்டும் 25 சதவீதம், அங்கே மாற்றமில்லை. மொத்தம் 40லிருந்து 32 ஆகக் குறைந்ததாகத் தெரிந்தாலும், அணி உண்மையில் முன்னேறியிருக்கிறது. எத்தனை பிடித்தோம் என்று மட்டும் பார்த்து, எத்தனையில் பிடித்தோம் என்று கேட்காமல் விட்டதுதான் தவறு.

முன்னேற்றம் எங்கிருந்து வந்தது? கண்ணை மூடி ஆட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். எதிரணி பந்தைக் கூடைக்கு எறிந்ததும் எல்லோரும் அண்ணாந்து பந்தைப் பார்ப்பார்கள். இவள் பார்ப்பதில்லை. அவர்களின் உயரமான பெண்ணைத் தேடிப்போய், முதுகைக் கொடுத்து, முட்டியை மடக்கி, காலை அகட்டி நின்றுவிடுவாள். அந்தப் பெண்ணால் கூடையடிக்கு வர முடியாது. பந்து நம் அணியின் வேறொருத்தி கைக்குப் போகும். இதற்கு 'பாக்ஸ் அவுட்' என்று பெயர். பந்தைப் பிடித்தவள் பெயரில் ஒரு கோடு விழும். வழியடைத்தவளுக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. அமெரிக்காவின் என்பிஏ போட்டிகளில் இப்போது பாக்ஸ் அவுட்டையும் தனியாக எண்ணுகிறார்கள்.

பேத்தியின் போனில் ஏஞ்சல் ரீஸ் படம் இருக்கிறது. 2023இல் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கோப்பையை வென்ற எல்எஸ்யூ அணிக்காரர். அந்த ஒரு சீசனில் 34 ஆட்டங்களில், புள்ளியிலும் ரீபவுண்டிலும் பத்தோ அதற்கு மேலோ எடுத்துச் சாதனை படைத்தவர். பத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மூன்று சிறியதாகத்தான் தெரியும். உயரம்தான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. 2019இல் பக்கத்துப் பெங்களூரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை இறுதியில், தங்களைவிட உயரமான சீனப் பெண்களை ஜப்பான் பெண்கள் வென்றார்கள்.

ஓர் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது, எதிரணியும் வேறு என்பது எனக்கும் தெரியும். அதனால் கணக்கை ஒரு தாளில் எழுதி, "நான் வந்து கோச்கிட்ட பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, நீங்க வராதீங்க தாத்தா. நானே காட்டிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டாள். விலகும் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதை உங்களுக்கு எழுதக் காரணம் வேறு. பல வருடங்களுக்கு முன் என் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். சாயங்காலம் பள்ளி விட்ட பின்பும், பின்வரிசைப் பிள்ளைகள் நாலைந்து பேரை உட்கார வைத்து வடிவியல் சொல்லிக்கொடுப்பாள். அத்தனை பேரும் பாஸ். அவளுக்கு 58. அவளுடைய ரேங்க் கார்டில் நான் எழுதியது: "முயற்சி போதாது."

அந்த நாலைந்து பேரின் பாஸை என் கணக்கில் எழுதிக்கொண்டேன். அவள் பெயரில் எழுதவில்லை, அம்மா.

இதைப் படித்தால் நீ யாரென்று உனக்குத் தெரியும். இந்த ஆசிரியரை மன்னித்துவிடு. உன்னிடம் படித்துத் தேறியவர்கள் இங்கே யாராவது இருந்தால், அவள் பெயரைச் சொல்ல வேண்டாம், ஒரு நன்றி மட்டும் எழுதுங்கள்.