நினைவுக்காக ஒரு முகம்

எங்கள் இல்லத்தின் சுவர்களில் உருவப்படம் எதுவும் இருந்ததில்லை. மார்க்கப் பேணுதல் மிக்க என் வாப்பா அவர்கள் அதை விரும்பியதில்லை. அவர்கள் வஃபாத்தாகி ஆண்டுகள் பல கடந்தபின், அம்முகம் என் நினைவில் மங்கி வருவதை உணர்ந்து வருந்திய நாள்கள் உண்டு.

அவ்வருத்தம் நெஞ்சில் இருக்கையில்தான், 2011ஆம் ஆண்டு இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தை அடுத்துள்ள தேசிய உருவப்படக் கலைக்கூடத்துள் நுழைந்தேன். 1856இல் நிறுவப்பட்ட அக்கூடத்தில், ஓவியத்தின் அழகைவிட வரையப்பட்டவரின் சிறப்பே அளவுகோல். மன்னர்களும் அமைச்சர்களும் கவிஞர்களும் வரிசையாக நோக்கும் அவ்விடத்தில், வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் அணிந்த ஆப்பிரிக்கர் ஒருவரின் முகம் என்னை நிறுத்தியது. அவர் கழுத்தில் தொங்கியது திருக்குர்ஆன்! கத்தர் அருங்காட்சியக அமைப்பு இரவலாக அளித்த ஓவியம் அது.

அவர் அய்யூபா சுலைமான் தியாலோ. இன்றைய செனகல் நாட்டிலுள்ள புந்துவில் இமாம் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இரு அடிமைகளை விற்கவும் காகிதம் வாங்கவும் காம்பியா ஆற்றங்கரைக்குச் சென்றவர், தாமே பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டார். பிறரை விற்கச் சென்றவருக்கு இறைவன் காட்டிய பாடம் அது என்றே என் உள்ளம் கொண்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில் அவர் தொழும்போது, முகத்தில் மண்ணை வீசி இகழ்ந்தான் ஒரு சிறுவன். தப்பியோடிச் சிறைப்பட்டார். தம் தந்தைக்கு அரபியில் அவர் எழுதிய மடல் இங்கிலாந்தை அடைந்தது. அதுவே விடுதலைக்கு வழியாயிற்று. 1733இல் இலண்டன் வந்தவர், திருக்குர்ஆனை மனனத்திலிருந்தே மும்முறை எழுதி முடித்தார்.

அவ்வாண்டே வில்லியம் ஹோர் என்னும் ஓவியர் அவரை வரைய முற்பட்டபோது அவர் தயங்கினார். நினைவுக்காகவேயன்றி வேறெதற்குமன்று என உறுதி கூறிய பின்னரே இசைந்தார். தம் நாட்டு உடையில் வரைய வேண்டும் என்றார். காணாத உடையை வரைய இயலாது என்றார் ஓவியர். அவ்வாறாயின், எவரும் கண்டிராத இறைவனை உங்கள் ஓவியர்கள் வரையத் துணிவதேன் என வினவினாராம் அவர்!

1734இல் தாயகம் திரும்பியபோது தந்தை உயிருடன் இல்லை. ஆயினும் மகன் மீண்ட செய்தி, அவர் கண்மூடுமுன் மடல் வழியே எட்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் வாப்பாவின் பழைய அரபுத்தமிழ் மடல்களைத் தேடியெடுத்தேன். ஒவ்வொன்றும் பிஸ்மில்லாஹ்வில் தொடங்கி, தொழுகையைத் தவறவிடாதே என்று முடிந்தது. முகம் மங்கினும் அக்குரல் மங்கவில்லை. நினைவுக்கு அது போதும்.

அல்லாஹ் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.