வெற்றிடத்தில் ஒரு கள்ளக்கணக்கு

'ஒன்றுமில்லை' என்பதை அளப்பதற்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அதில் ஒரு கதை, பி.காம். படித்த எனக்கே பிடித்துப்போனது.

சாதாரணக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் முட்டி மோதிக்கொண்டிருக்கின்றன. பம்ப் வைத்து இவற்றை உறிஞ்சி எடுத்தால் வெற்றிடம். அத்தனையையும் துரத்த யாராலும் முடியாது. மிச்சம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

1940-களில் இதற்குப் பதில் சொன்னது அயனி கேஜ். ரேடியோ வால்வுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நடுவில் ஒரு சூடான கம்பி. அதிலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள், சுற்றியுள்ள கம்பிவலையை நோக்கிப் பாயும். வழியில் மூலக்கூறு மாட்டினால் அடித்து அயனியாக்கும். வெளியே நிற்கும் உலோக உருளை அந்த அயனிகளை வசூல் பண்ணும். வசூல் குறைந்தால் காற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அழுத்தத்தை 'டார்' கணக்கில் சொன்னால் வெளிக்காற்று 760. எவ்வளவு உசத்தியான பம்ப் போட்டாலும், கேஜ் ஒரு டாரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு வரை இறங்கி அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. அந்தக் 'காலி'யில்கூட கன சென்டிமீட்டருக்கு 30 கோடிக்கு மேல் மூலக்கூறுகள்! பழி பம்ப் மேல் விழுந்தது.

இந்த இடத்தில் என் முதல் வேலை ஞாபகம் வருகிறது. ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினேன். மாசக் கடைசியில் கல்லாவில் 120 ரூபாய் குறையும். கேஷியருக்கு அறுபதை நெருங்கும் வயசு. மனிதர் மூன்று தடவை எண்ணுவார். எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள். தலைமைக் கணக்கர்தான் ஒரு நாள் கேட்டார்: "திருடறவன் மாசாமாசம் ஒரே தொகையாவா எடுப்பான்?"

தோண்டினால், ஆடிட் பார்க்க வருகிறவர்களுக்கு டிபன், காபி, ஆட்டோ, எல்லாம் வவுச்சர் இல்லாமல் கல்லாவிலிருந்தே போயிருக்கிறது. சரிபார்க்க ஆன செலவுதான் சார் குறைந்த பணம்! பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கல்லாவைப் பூட்டி, சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, மறுநாள் லீவு போட்டுவிட்டார்.

அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த வேய்ன் நாட்டிங்ஹாம் 1947-ல் கேஜ் மேல் கிட்டத்தட்ட இதே சந்தேகத்தைக் கிளப்பினார். எலெக்ட்ரான்கள் வலையில் மோதும்போது மெல்லிய எக்ஸ்-கதிர்கள் எழும். அவை உருளையில் பட்டு எலெக்ட்ரான்களைப் பெயர்த்தெடுக்கும். உருளையிலிருந்து ஓர் எலெக்ட்ரான் போவதும், அதற்கு ஓர் அயனி வருவதும் மீட்டருக்கு ஒன்றுதான். காற்றே இல்லாவிட்டாலும் இந்தப் பொய் வரவு நிற்காது. ஆக, கேஜ் தன்னையே அளந்துகொண்டிருந்தது!

பிட்ஸ்பர்க் பக்கம் வெஸ்டிங்ஹவுஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் பேயார்டும் டேனியல் ஆல்பர்ட்டும் 1950-ல் வைத்தியம் சொன்னார்கள். கேஜைச் சட்டை மாதிரி உள்வெளியாகத் திருப்பிவிட்டார்கள். சூட்டுக்கம்பி வலைக்கு வெளியே போனது. பெரிய உருளைக்குப் பதில், வலைக்கு நடுவே ஒரு மெல்லிய கம்பி. அயனிகள் அதைத் தேடி வந்தன. கதிர்கள் படத்தான் இடமில்லை. பொய் வரவு நூறு மடங்குக்கு மேல் குறைந்தது. முள் இறங்கியது.

இதனால் யாருக்கு லாபம்? டாரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தில், சுத்தமான உலோகத்தின்மேல் மிச்சக் காற்று சில விநாடிகளில் படிந்து அழுக்காக்கிவிடும். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு என்றால், உலோகம் மணிக்கணக்கில் சுத்தமாக இருக்கும். அந்த அவகாசம் கிடைத்த பிறகுதான் பரப்புகளைப் பற்றிய இயற்பியல் வேகம் பிடித்தது. பேயார்ட்-ஆல்பர்ட் கேஜுக்கு இன்றும் ஆராய்ச்சிக்கூடங்களில் வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கிலும் மாசாமாசம் ஒரே தொகை துண்டு விழுகிறதா? பால்காரரை முறைக்கிறதுக்கு முன்னால், கணக்கு எழுத வாங்கின நோட்டு, பேனா செலவைச் சேர்த்தாச்சா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.