விரல்களின் செபம்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரத்திலிருந்து பிறந்தது ஜாஸ் இசை. கேளிக்கை விடுதிகளில் வளர்ந்த அவ்விசைக்கும் ஆலயத்துக்கும் என்ன உறவு இருக்க முடியும் என்றே நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஓர் இசைத்தட்டு: பியானோ கலைஞர் மேரி லூ வில்லியம்ஸ் 1964இல் வெளியிட்ட 'ஆண்டிஸ் மலையின் கறுப்புக் கிறிஸ்து'.

1910இல் பிறந்த அவர், சிறுமியாயிருந்தபோதே பியானோ வாசித்துக் குடும்பத்துக்கு உதவியவர். 1954இல் பாரிசு மாநகரில் புகழோடு வாசித்துவந்த நாள்களில், திடீரென மேடையைத் துறந்தார். நியூயார்க் திரும்பி, ஆலயத்தில் மணிக்கணக்காகச் செபித்தார். போதைக்கு அடிமையாகித் தவித்த இசைக் கலைஞர்களைத் தம் இல்லத்தில் ஏற்றுப் பேணினார். 1957இல் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கரானார்.

செபமும் இரக்கச் செயலும் போதும், இசை வேண்டாம் என்றிருந்தார் அவர். அவரை அறிந்த குருக்களோ, பியானோ வாசிப்பதையே பிறருக்கான செபமாக ஒப்புக்கொடுக்குமாறு அறிவுறுத்தினர். அவ்வாண்டே அவர் மேடைக்குத் திரும்பினார்.

அந்த இசைத்தட்டின் முதற்பாடல் புனித மார்ட்டின் தெ போரஸைப் போற்றுகிறது. பெரு நாட்டின் லீமா நகரில் 1579இல், ஸ்பானியத் தந்தைக்கும் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர் அவர். சாமிநாதர் சபை மடத்தில் துடைப்பம் ஏந்தியும் நோயுற்றோரைப் பேணியும் பணிபுரிந்த அவரை, 1962இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர் புனிதராக உயர்த்தினார். இயேசு சபைக் குரு அந்தோனி வுட்ஸ் எழுதிய வரிகளுக்கு மேரி லூ இசையமைத்தார். பக்க இசையின்றிப் பாடகர் குழுவின் குரல்களே நெடுநேரம் ஒலிக்கின்றன. இடையில் ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கத் தாளத்தோடு பியானோ சிறிது நேரம் பேசி, மீண்டும் குரல்களுக்கு வழிவிடுகிறது. நற்கருணை உட்கொண்டபின் நாம் சொல்லும் 'அனிமா கிறிஸ்தி' செபமும் இத்தட்டில் ஜாஸ் வடிவம் பெற்றுள்ளது.

இதைக் கேட்ட இரவில் தாலந்து உவமை நம் நினைவுக்கு வந்தது. அச்சத்தால் தாலந்தைப் புதைத்தான் அந்த ஊழியன். பக்தியின் பெயராலும் தாலந்தைப் புதைக்க முடியும் என்பது நமக்கு அன்றுதான் புரிந்தது. ஆலயத்தில் கழித்த நேரத்தை இறைவனுக்கு உரியதென்றும், தொழிலில் கழித்த நேரத்தை உலகுக்கு உரியதென்றும் எத்தனை ஆண்டுகள் பிரித்துக் கணக்கிட்டிருந்தோம்!

மார்ட்டின் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் புனிதரானவர் அல்லர். மேரி லூவின் செபமும் பியானோவுக்குத் திரும்பியபோது குறைந்துவிடவில்லை. நம் கைகளில் இறைவன் தந்திருப்பது எது? அதை எங்கே புதைத்து வைத்திருக்கிறோம்?