திரையின் ஓரத்தில் ஐந்து வரி

தூத்துக்குடியில் எந்த க்ளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்குள் போனாலும் மானிட்டர் விளிம்பில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். தினக்காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். அதில் நாலைந்து வரி: எந்த ஷிப்பிங் பில் இன்னும் போடவில்லை, எந்தப் பெட்டிக்கு விஜிஎம் எடைச் சான்று அனுப்பவில்லை, எந்த ஃபீடர் கப்பலுக்கு கட்-ஆஃப் எத்தனை மணி. முடிந்ததைப் பேனாவால் கோடு போட்டு அடிப்பார்கள். இத்தனைக்கும் அதே அலுவலகத்துக்கு இணையத்தில் பொதுவான பணிப்பட்டியல் ஒன்று இருக்கும். மாதாமாதம் சந்தா கட்டுவார்கள். வேலைகளை அதில் ஏற்றவும் செய்வார்கள். ஆனால் கண் பார்ப்பது தாளைத்தான்.

இது ஏன் என்று புரிந்துகொள்ள, மென்பொருள் எழுத எனக்கு வேலை கொடுத்த அலுவலகத்தில் மூத்த கிளார்க் ஒருவர் பக்கத்தில் இரண்டு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கணினியில் 4 ஜிபி நினைவகம். பிரவுசரில் சுங்கத் துறையின் ஐஸ்கேட், இரண்டு கப்பல் கம்பெனிகளின் தளங்கள், மெயில், வாட்ஸ்அப். பணிப்பட்டியல் ஒன்பதாவது தாவலில் கிடந்தது. கணினி திணறும்போதெல்லாம் அவர் முதலில் மூடுவது அதைத்தான். அதில் தப்பே இல்லை. கட்-ஆஃப் நேரத்துக்குள் பெட்டி உள்ளே போகவில்லை என்றால் ஃபீடர் போய்விடும். ஃபீடர் போனால் கொழும்பில் தாய்க்கப்பலும் போய்விடும். அந்த அவசரத்தில் எந்தத் தாவல் சோறு போடுகிறதோ அதைத்தான் வைத்துக்கொள்வார்கள்.

எனவே நான் செய்ய வேண்டியது இன்னொரு பணிப்பட்டியல் அல்ல என்பது தெளிவானது. ஏற்கெனவே இணையத்தில் இருக்கும் பட்டியலுக்குத் துணையாக, அந்தக் காலண்டர் தாளைப் போல ஓரத்தில் நிற்கும் ஒரு சின்ன ஜன்னல் போதும். இன்றைய வேலை மட்டும். டிக் அடிக்கலாம், புதிதாக ஒரு வரி சேர்க்கலாம். மீதி எல்லாவற்றுக்கும் இணையப் பக்கம் இருக்கிறது.

முதல் பதிப்பை எலக்ட்ரானில் எழுதினேன். 2013-இல் கிட்ஹப் நிறுவனத்தில் ஆட்டம் எடிட்டருக்காகப் பிறந்த கருவி அது. இணையப் பக்கம் எழுதத் தெரிந்த எவரும் அதை வைத்து டெஸ்க்டாப் செயலி செய்துவிடலாம். அந்த வசதிக்கு விலை, ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு முழு குரோமியம் பிரவுசரைச் சுமந்துகொண்டு வருவது. ஐந்து வரி காட்ட ஒரு பிரவுசர். அண்ணாச்சியின் கணினியில் போட்டதும் ஐஸ்கேட் தள்ளாடியது. அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் போனபோது மானிட்டரில் மறுபடியும் தாள் ஒட்டியிருந்தது.

பிறகு டௌரி என்ற இன்னொரு கருவிக்கு மாறினேன். விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவைப் பயன்படுத்துவதால் நிறுவும் கோப்பு சில எம்பியில் முடிந்துவிடும். அதனால் நினைவகச் செலவும் அதே அளவுக்குக் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிக் குறையாது. விண்டோஸின் வெப்வியூவும் உள்ளே குரோமியம்தான். ஜன்னல் திறந்திருக்கும்வரை அதன் பசி அதற்கு இருக்கும். எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறொன்று. ஜன்னலை மூடினால் மறைத்து வைக்காமல் அடியோடு அழித்துவிடுவது. அப்போது கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐகானும், பின்னால் ரஸ்ட் மொழியில் எழுதிய சிறு நிரலும் மட்டுமே மிஞ்சும். மறுபடி கூப்பிட்டால் கண நேரத்தில் புதிதாகக் கட்டிக் காட்டலாம். இலேசாகச் செய்வது என்றால் எதைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்வதுதான் என அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. ஊருக்குள் தெருத் தெருவாகத் தண்ணீர். அலுவலகத்தை மறுபடி திறந்து, இன்வெர்ட்டரில் ஒரு கணினியை மட்டும் உயிர்ப்பித்தோம். இணையம் வரவில்லை. என் செயலியைத் திறந்தேன். வெள்ளைத் திரை, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். எந்தப் பெட்டி யார்டில் நிற்கிறது, எது சிஎஃப்எஸ் கிடங்கில், எந்தப் பார்ட்டிக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் எங்கோ ஒரு சர்வரில் பத்திரமாக இருந்தது. எங்களிடம் இல்லை. அண்ணாச்சி நனைந்து விறைத்துப் போன காலண்டர் தாள்களை மேசையில் பரப்பி, அவற்றைப் பார்த்துத்தான் போன் செய்தார். அந்த வெள்ளைத் திரையை எழுதியவன் நான். அடுத்த மாதம் முழுவதும் வேறு எதையும் தொடவில்லை.

பட்டியலின் பிரதி ஒன்று அந்தக் கணினியிலேயே இருக்க வேண்டும். ஜன்னல் எப்போதும் அந்தப் பிரதியைத்தான் காட்ட வேண்டும். இணையம் இருக்கும்போது பின்னணியில் இரண்டையும் சேர்க்க வேண்டும். சேமிக்க எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை எடுத்தேன். அதன் கதை துறைமுகத்துக்காரனான எனக்கு நெருக்கமானது. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் அதை எழுதத் தொடங்கியதன் பின்னணியில் ஒரு போர்க்கப்பல் இருக்கிறது. ஆஸ்கார் ஆஸ்டின் என்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலின் சேதக் கட்டுப்பாட்டு மென்பொருளில் அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தரவுத்தள சர்வர் படுத்துவிட்டால் அந்த மென்பொருளும் கைவிரித்துவிடும். குழாய் உடைந்து தண்ணீர் ஏறும்போது சர்வர் கிடைக்கவில்லை என்று பதில் வந்தால் கப்பலில் இருப்பவன் என்ன செய்வான்? சர்வரே தேவைப்படாமல் ஒரே கோப்பில் எல்லாம் இருந்தால் என்ன என்று யோசித்தார். இன்று ஏறக்குறைய எல்லோருடைய கைபேசிக்குள்ளும் அது இருக்கிறது. எங்கள் வெள்ளத்துக்கும் அதுவே விடை.

சேமிப்பது எளிது, சேர்ப்பதுதான் பாடு. இணையம் இல்லாதபோது அண்ணாச்சி ஒரு வேலையை டிக் அடிக்கிறார். அதே நேரம் முதலாளி வீட்டிலிருந்து அதே வேலையின் கட்-ஆஃப் நேரத்தை மாற்றுகிறார். எது செல்லும்? டூடூயிஸ்ட் போன்ற பணிப்பட்டியல் சேவைகளின் ஏபிஐ ஆவணங்களைப் படித்துத்தான் வழி பிடிபட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணினியிலேயே தனித்த எண் ஒன்று கொடுத்து, வரிசையாக ஒரு வெளிப்பெட்டியில் அடுக்க வேண்டும். இணையம் வந்ததும் அதே வரிசையில் அனுப்ப வேண்டும். பாதி வழியில் அறுந்து மறுபடி அனுப்பினாலும் அந்த எண்ணைப் பார்த்து, இது முன்பே வந்ததுதான் என்று சர்வர் ஒதுக்கிவிடும். ஒரே வேலை இரண்டு தடவை சேராது. பெயர், நேரம், குறிப்பு மூன்றையும் தனித்தனியாக ஒப்பிடுகிறேன்; ஒருவர் நேரத்தையும் இன்னொருவர் குறிப்பையும் மாற்றியிருந்தால் இரண்டுமே நிற்கும். ஒரே வேலையின் நேரத்தை இருவரும் மாற்றியிருந்தால் நான் தீர்ப்பு சொல்வதில்லை. இரண்டையும் காட்டி அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். கட்-ஆஃப் விஷயத்தில் நிரல் ஊகிக்கக் கூடாது.

ஜன்னலின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: கடைசியாகச் சேர்ந்தது 10.42. பழைய பட்டியலைக் காட்டலாம். அது பழையது என்பதை மறைக்கக் கூடாது.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது தமிழ்தான். ஒரு நாள் பட்டியலில் இப்படி ஒரு வேலை: கரூர் பார்ட்டியின் இரண்டாவது பெட்டியை இன்றைக்கு கேட்-இன் செய்ய வேண்டாம். என் ஜன்னல் அகலம் குறைவு. வழக்கமாக எல்லோரும் செய்வதுபோல, இடம் போதாவிட்டால் வால் பகுதியை வெட்டி மூன்று புள்ளி வைத்திருந்தேன். திரையில் தெரிந்தது: கரூர் பார்ட்டியின் இரண்டாவது பெட்டியை இன்றைக்கு கேட்-இன்… புதிதாகச் சேர்ந்த பையன் அதைப் படித்துவிட்டு டிரெய்லர் டிரைவருக்குப் போன் போட்டுவிட்டான். வண்டி கேட்டுக்குப் பக்கத்தில் போன பிறகுதான் அண்ணாச்சி கவனித்துத் திருப்பினார். பையன்மேல் என்ன குற்றம்? ஆங்கிலத்தில் கட்டளையிட்டால் வினை முதலில் வரும். செய்யாதே என்பது தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்த மொழிக்கு வால் போனால் நஷ்டமில்லை. தமிழில் வினை கடைசியில்தான் வரும். செய்யவா, செய்ய வேண்டாமா, செய்தாகிவிட்டதா என்பதெல்லாம் கடைசிச் சொல்லில் இருக்கிறது. வாலை வெட்டினால் உயிரையே வெட்டியது போல. அன்றிரவே மாற்றினேன். இரண்டு வரிக்கு மடியும். அதிலும் அடங்காவிட்டால் நடுவில் புள்ளி விழும், கடைசிச் சொல் முழுதாக நிற்கும்.

வெட்டும் கத்தியும் சரியில்லை என்று அப்போதுதான் பார்த்தேன். தூத்துக்குடி என்ற சொல்லை நாம் ஆறு எழுத்து என்று எண்ணுவோம். யூனிகோடில் அது பன்னிரண்டு குறியீடு. யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் முப்பத்தாறு பைட். குறியீட்டுக் கணக்கில் வெட்டினால் புள்ளி கழன்று பில் பில ஆகும். பைட் கணக்கில் குறியீட்டின் நடுவே வெட்டினால் ரஸ்ட் நிரல் அங்கேயே நின்றுவிடும், அதுவாவது நேர்மை. எழுத்துக் கூறு எங்கே முடிகிறது என்று யூனிகோட் தரமே வகுத்திருக்கிறது. அதன்படி வெட்டும் நூலகம் ரஸ்டில் உண்டு. ஸ்ரீ மாதிரிச் சிலவற்றை மட்டும் நான் தனியாகக் காப்பாற்றுகிறேன். ஸ்ரீவைகுண்டத்துப் பார்ட்டி ஒருவர் உண்டே.

நேரக் கணக்கிலும் ஒரு குழி. மணி குறிக்காத வேலையை நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் முந்தைய நாள் மாலை ஆறரை ஆகிவிடும். வியாழன் வேலை புதன்கிழமைப் பட்டியலில் வந்து நிற்கும். தேதியைத் தேதியாகவே வைத்திருந்தால் தொல்லை இல்லை.

அறிவிப்பு ஒலி வைக்கலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவருடைய தாத்தா முத்துக்குளிப்புக்குப் போனவர். 1961-இல் இங்கே நடந்த குளிப்புதான் கடைசி, அதன் பிறகு முத்துச் சலாபம் கூடவில்லை. சங்கு எடுக்க மட்டும் திரேஸ்புரத்திலிருந்து இன்றும் போகிறார்கள். அந்தக் காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்குவார், தோணியில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தாத்தா கயிறு பிடித்தவர்.

"கயிறு பிடிக்கவனுக்கு வாய் எதுக்கு தம்பி? கை கயித்துல இருக்கணும், கண்ணு தண்ணியில இருக்கணும். இழுத்தா தூக்கணும். அவ்வளவுதான்."

எல்லா ஒலியையும் எடுத்துவிட்டேன். கட்-ஆஃபுக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் அந்த வரி நிறம் மாறி மேலே வரும். அதைப் பார்த்துவிட்டேன் என்று தட்டும்வரை அங்கேயே நிற்கும்.

அவர் தானாகக் கேட்டது ஒன்றே ஒன்று. டிக் அடித்த வரி மறைந்துவிடுகிறது, அது வேண்டாம். "முடிச்சது கண்ணு முன்னால இருக்கணும் தம்பி. பார்ட்டி போன் பண்ணிக் கேப்பாரு, நான் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்." நான் பார்த்த செயலிகள் முடிந்ததை உடனே ஒளித்துவிடுபவை, அதுவே சுத்தம் என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது முடிந்த வரியின்மேல் ஒரு கோடு விழும். பேனாக் கோடு போலக் கொஞ்சம் சாய்வாக. அது இரவு பன்னிரண்டு வரை இருக்கும்.

நேற்று மாலை அந்தப் பக்கம் போயிருந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் திரை ஓரத்தில் ஐந்து வரி, நான்கின்மேல் கோடு. அடியில் 6.05 என்று இருந்தது. மானிட்டர் விளிம்பில் தாள் இல்லை. பழைய டேப்பின் பசை மட்டும் இருந்தது. ஐந்தாவது வரி, மறுநாள் ஃபீடரில் ஏற வேண்டிய பெட்டியின் சீல் நம்பரை மறுபடி சரிபார்க்கச் சொன்னது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.